நம்பத் தகாதது கொள்ளைநோயா, மனச்சான்றா?
‘காலா பானி’ தொடரும் நம் சபையாரின் கருத்துகளும்

தொலைக்காட்சித் தொடரைத் திறனாய்வதற்கு இறையியல் ஏட்டில் இடம் உண்டோ என்று வாசகர் வினவக்கூடும். நம் சபையார் ஞாயிறுதோறும் ஏறத்தாழ அரைமணி நேரம் நம் பிரசங்கத்தைக் கேட்கின்றனர். பிற நாள்களில் பல மணி நேரம் வேறு கதைகளுக்குச் செவிகொடுக்கின்றனர். அக்கதைகளுள் எதனை நம்புகின்றனர், எதனை நம்ப மறுக்கின்றனர் என்பதை அறியாத போதகர், தாம் பேசும் செவிகளை அறியாதவரே ஆவார். இந்நோக்குடனேயே, 2023 அக்டோபரில் நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளிவந்த ‘காலா பானி’ என்னும் இந்தித் தொடரையும், அதனைக் கண்ட சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சபை இளைஞரும் குருமாணவரும் நம்மிடம் கூறிய கருத்துகளையும் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கதையும் களமும்

கதை நிகழும் ஆண்டு 2027. களம் அந்தமான் தீவுகள். சுற்றுலாப் பயணியர் திரண்டிருக்கும் விழாக்காலத்தில், நீரின் வழியாக ஒரு கொடிய காய்ச்சல் பரவுகிறது. தீவுகள் பெருநிலத்தினின்று துண்டிக்கப்படுகின்றன. மருத்துவர், செவிலியர், காவலர், வாடகை வண்டியோட்டி, பிள்ளைகளைப் பிரிந்த தந்தை எனப் பலரின் வாழ்வு ஒன்றோடொன்று பின்னப்படுகிறது. நோய்க்கு மருந்தாகும் மூலிகையோ, ‘ஒராக்கா’ என்னும் சிறு பழங்குடியினரின் வாழ்நிலத்தில் இருக்கிறது. பலர் பிழைப்பதற்காகச் சிலரை இழக்கலாமா என்ற வினா, அசுதோஷ் கோவாரிகர் ஏற்று நடித்த துணைநிலை ஆளுநரின்முன் வைக்கப்படுகிறது. ஒராக்கா கற்பனைப் பழங்குடி, வினா கற்பனையன்று.

பார்த்தோர் கூறியவை

நோயையும் அதன் விளைவுகளையும் குறித்து எவருக்கும் ஐயம் எழவில்லை. எழாமைக்குக் காரணமும் உண்டு. 2020-இன் தொடக்கத்தில், கோழியிறைச்சியால் கொரோனா பரவும் என்ற வதந்தி ஒன்றே நாமக்கல் பண்ணையாளரை நிலைகுலையச் செய்தது. பின்னர் ஊரடங்கில் லாரிகள் ஓய்ந்து நின்றதையும், தொழிலாளர் வெயிலில் நடந்தே ஊர் திரும்பியதையும் கண்டவர்களுக்குத் திரையில் வரும் தட்டுப்பாடும் தப்பியோட்டமும் புதுமையல்ல. மருத்துவ வரலாறும் கதைக்குத் துணைநிற்கிறது. அந்தமானில் 1988 முதல் காணப்பட்ட இரத்தப்போக்குக் காய்ச்சல், பின்னாளில் எலிக்காய்ச்சலின் கடுமையான வடிவமெனக் கண்டறியப்பட்டது. தொடரின் நோய் இவ்வுண்மையின்மேல் எழுப்பப்பட்டதே.

கதை சொல்லும் முறையைக் குறித்துக் குறைகள் கூறப்பட்டன. அவற்றுட் சில நியாயமானவை. மாந்தர் தொகை மிகுதி. ஒருவரின் துயரில் நாம் தோயுமுன்னரே கதை பின்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்ந்துவிடுகிறது. ஒரே மூலிகை, அதுவும் ஒரே நிலத்தில், குறித்த வேளையில் அகப்படுவது, கதாசிரியர் தமக்கு வேண்டிய நெருக்கடியைத் தாமே அமைத்துக்கொண்டதைக் காட்டுகிறது.

நம்மை நின்று சிந்திக்கச் செய்தது வேறொரு கருத்து. “ஓர் ஆட்சியாளர் இவ்வளவு தயங்குவாரா? கோப்பில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார்” என்று ஒருவரல்லர், பலர் கூறினர். பல்லாயிரவர் மாண்டு வீழ்வது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றியது. ஒருவர் மனச்சான்றால் உறக்கமிழப்பது நடவாத காரியமாகத் தோன்றியது. பேரழிவை நம்பி, மனச்சான்றை நம்ப மறுக்கும் இந்நிலையே இக்கட்டுரையின் கவலை.

காய்பாவின் கணக்கு

இளைஞரைக் குறைகூறுவது எளிது. ஆயின் அவர்தம் ஐயத்திற்கு வரலாறு இடமளித்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் அமைந்தபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், வெளியார் கொணர்ந்த தட்டம்மை முதலிய நோய்களாலும் பிற இன்னல்களாலும் மடிந்து, 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினர்.

தீவுவரை செல்லவும் வேண்டுவதில்லை. நம் சேலம் மாவட்டத்து மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றபோது காவிரிக்கரைச் சிற்றூர்கள் பல நீருள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பண்ணவாடியில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் இன்றும் வெளித்தோன்றுகின்றன. அணை பெருநன்மை விளைத்தது. அதனை மறுப்பது நம் வாதமன்று. ஆயினும் பலரின் வயலுக்காகச் சிலர் தம் வீட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் விட்டெழுந்தனர் என்பதை அக்கோபுரம் கோடைதோறும் நினைவூட்டக் கூடியதாயிருந்தும், நம் பிரசங்க பீடங்கள் அதனைப் பேசியது அரிது.

திருமறையில் இக்கணக்கை வெளிப்படையாகப் போட்டவர் காய்பா (யோவான் 11:47-53). மக்களனைவரும் அழியாதிருக்க ஒருவர் மாள்வதே நலம் என்று அவர் ஆலோசனைச் சங்கத்தில் வாதிட்டார். அவ்வாதம் கொடியவனின் பிதற்றலன்று. பொறுப்புள்ள நிருவாகியின் தெளிந்த பேச்சு. அதுவே அதன் அபாயம். யாரை இழக்கலாம் என்று முடிவுசெய்யும் அவையில், இழக்கப்படுபவர் இல்லை. தொடரிலும் ஒராக்கா மக்களுக்கு முகமும் மொழியும் அளிக்கப்பட்டிருப்பினும், அவர்களைப் பற்றிய விவாதம் அவர்களில்லாத அறையிலேயே நடைபெறுகிறது. கதையின் குறை என்று இதனைக் கூறலாம். உலகின் குறையைக் கதை உள்ளவாறே காட்டியது என்றும் கூறலாம். நாம் இரண்டாவதையே ஏற்கிறோம்.

ஆளுநரின் தயக்கமே இத்தொடரின் மிகச் சிறந்த பகுதி என்பது நம் தீர்ப்பு. வரும் முடிவு எதுவாயினும், கணக்கு எளிதாக முடிந்துவிடக் கூடாது என்று ஒருவர் நின்று தடுமாறுவதை அது காட்டுகிறது. காய்பா தடுமாறவில்லை.

பிரசங்கிகளுக்கு

பஞ்சமும் கொள்ளைநோயும் வரும்போதெல்லாம் வெளிப்படுத்தின விசேஷத்தை விரித்து, செய்தித்தாளின் நிகழ்ச்சிகளை முத்திரைகளோடும் கலசங்களோடும் பொருத்திக் காட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனால் அழிவை எதிர்பார்க்க நம் சபையார் நன்கு கற்றுக்கொண்டனர். அழிவின் நடுவே மனிதர் ஒருவர் நீதியாய் நடக்கக் கூடும் என்று எதிர்பார்க்க நாம் கற்பித்தோமா? ஒரு தொடரின் பார்வையாளர் தந்த விடையை மேலே கண்டோம்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை வனாந்தரத்தில் விட்டு ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பரின் உவமையை (லூக்கா 15) நம் பக்கத்து ஆட்டுக்காரர் எவரிடமும் சொல்லிப் பாருங்கள். நடக்கக் கூடியதா என்றே முதலில் கேட்பார். நம் ஆண்டவர் அக்கேள்வியை அறியாமல் அவ்வுவமையைச் சொல்லவில்லை. கணக்குக்கு ஒவ்வாத அம்மேய்ப்பரை நம்பத்தக்கவராக நம் மக்கள்முன் நிறுத்துவது போதகரின் பணி. அதற்குச் சொல் மட்டும் போதாது. ஏழை ஒருவரின் வீட்டை அகற்றும் தீர்மானம் நம் சபைக் குழுவிலேயே வரும்போது, கையெழுத்திடுமுன் நாம் தயங்குவதையும், அவரை அழைத்து அமரவைத்துக் கேட்பதையும் இளைஞர் காணல் வேண்டும். அங்ஙனம் ஒருமுறையேனும் கண்டவர், திரையில் வரும் ஆளுநரை நடவாத மனிதர் என்று தள்ளிவிடமாட்டார்.