வயரில்லா வேக்குவம் கிளீனர் நம் வீட்டுக்குத் தேவையா?

கடையில் கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஓர் எண்: 20 கிலோபாஸ்கல், 25 கிலோபாஸ்கல். விற்பவரும் அதையே அழுத்திச் சொல்வார். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. குழாயின் வாயை முழுக்க அடைத்துவிட்டு, காற்றே நுழையாத நிலையில் உள்ளே எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்று அளந்த எண் அது. காற்று ஓடாத இடத்தில் ஒரு துளித் தூசிகூட நகராது. குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது காற்றின் ஓட்டம். அந்த ஓட்டத்தைத் தடையை மீறி இழுக்க உதவுவது அழுத்த வேறுபாடு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுக்கு ஏர் வாட் என்று பெயர். வாயை அடைத்த நிலையில் அதன் மதிப்பு பூஜ்யம். அதாவது, எந்த நிலையில் இயந்திரம் ஒரு வேலையும் செய்யவில்லையோ அந்த நிலையின் எண்ணைத்தான் நமக்குப் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

வாட் கணக்கும் இப்படித்தான். மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017இல் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அதற்குள் அடங்கியே நல்ல கருவிகள் வந்தன. கூடவே கொண்டுவந்த தர முத்திரை நிலைக்கவில்லை. குப்பை சேரும் கலம் காலியாக இருக்கும்போது சோதிப்பது வீட்டுப் பயன்பாட்டைக் காட்டாது என்று டைசன் நிறுவனம் வழக்காடியது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த முத்திரை விதியையே ரத்து செய்தது. அரசுகளின் முத்திரையே இப்படித் தடுமாறும் துறையில், விளம்பர எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுக்க முடியாது. வீட்டில் நின்றுதான் இதை எடைபோட வேண்டும்.

ஒப்பிட நமக்கு ஒரு பழைய அனுபவமும் இருக்கிறது. 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் வீடு வீடாக ஆட்களை அனுப்பி யூரோகிளீன் விற்றது. வந்தவர் மெத்தையில் ஓட்டிக் காட்டி, வடிகட்டியில் சேர்ந்த தூசியைக் கண்முன் நீட்டுவார். யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. நடுத்தரக் குடும்பங்கள் தவணையில் வாங்கின. சில மாதங்களில் எத்தனையோ வீடுகளில் அது பரணுக்குப் போனது. இழுக்கும் வலு போதாமல் அது பரணேறவில்லை. அலமாரியிலிருந்து இறக்கி, குழாய்களைப் பொருத்தி, பிளக் தேடி, ஒயரை இழுத்து, ஒவ்வோர் அறையிலும் பிளக்கை மாற்றி, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைப்பதற்குள் பூந்துடைப்பத்தால் ஒரு வீட்டையே கூட்டி முடித்துவிடலாம். சிந்திய ஒரு பிடி ரவைக்காக யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள்.

வயரில்லாக் கருவி சாதித்திருப்பது இந்த இடத்தில்தான். சுவரில் மாட்டியிருக்கிறது, எடுத்தால் ஓடுகிறது, அரை நிமிடத்தில் வேலை முடிந்து திரும்பச் சுவருக்குப் போகிறது. எங்கள் வீட்டில் பழைய ஒயர் கருவியை எடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. இதை எடுக்க நாள் பார்ப்பதே இல்லை. மின்வெட்டிலும் ஓடும் என்பது நம் ஊரில் கூடுதல் சௌகரியம். எவ்வளவு இழுக்கிறது என்பதைவிட எத்தனை முறை கை அதை நோக்கிப் போகிறது என்பதே ஒரு வீட்டுச் சாமானின் உண்மையான அளவு என்பது என் கட்சி. அந்த அளவில் கார்ட்லெஸ் வெல்கிறது, பெரிய வித்தியாசத்தில் வெல்கிறது.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு விலை பேட்டரி. நடுத்தரமான ஒரு கருவியின் கைப்பிடிக்குள் ஏழு லித்தியம்-அயனி செல்கள் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், சேர்ந்தால் 25.2 வோல்ட். கொள்ளளவு 2.5 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 63 வாட்-மணி ஆற்றல். உச்ச வேகத்தில் மோட்டார் 500 வாட் எடுத்தால் ஏழரை நிமிடம் வரும், அவ்வளவுதான். 90 வாட்டில் மெதுவாக ஓட்டினால் நாற்பது நிமிடம் வரும். ‘60 நிமிடம் ஓடும்’ என்ற வாக்குறுதியும் ‘அதிவேக இழுவை’ என்ற வாக்குறுதியும் ஒரே பெட்டியில் இருந்தாலும், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இங்கே கம்பளம் விரித்த அறைகள் இல்லை. டைல்ஸ், மொசைக், சிவப்புச் சிமென்ட் தரைகளில் குப்பை மேலே கிடக்கிறது, நூலிழைகளுக்குள் புதைந்திருப்பதில்லை. அதற்குக் குறைந்த வேகம் தாராளம். இரண்டு படுக்கையறை வீட்டை ஒரே சார்ஜில் முடிக்கலாம். கம்பளத்தை மனத்தில் வைத்துச் செய்த கடினமான நார்ச்சுருள் தலைதான் இங்கே சிக்கல். சமையலறைத் தரையில் அது அரிசியையும் துவரம்பருப்பையும் உள்ளே இழுப்பதற்கு முன் நாலாபுறமும் சிதறடிக்கும். மென்மையான துணி உருளை உள்ள தலை தனியாகக் கிடைக்கிறது. கம்பளமில்லா வீட்டுக்கு அதுதான் வேண்டும். நீண்ட கூந்தல் உள்ள வீட்டில் உருளையைச் சுற்றிய முடியை அவ்வப்போது கத்தரிக்கோல் கொண்டு வெட்டி எடுக்கவும் வேண்டும்.

இனித் தரையில் அது உண்மையில் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். நம் வழக்கம் இரண்டு படி: கூட்டுவது, பிறகு ஈரத்துணியால் துடைப்பது. துடைப்பம் பெரிய குப்பையைச் சேர்த்துக்கொண்டு நுண்தூசியைக் காற்றில் எழுப்பிவிடுகிறது. அது கொஞ்ச நேரத்தில் மேசை, அலமாரி, மறுபடி தரை என்று படிகிறது. தரையில் படிந்ததை ஈரத்துணி பிடித்துக்கொள்கிறது. கார்ட்லெஸ் முதல் படியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது, அதைத் தூசி எழுப்பாமல் செய்கிறது. இரண்டாவது படி அப்படியே இருக்கும். சாம்பார் கறைக்கும் குளியலறையிலிருந்து வரும் ஈரக்கால் தடத்துக்கும் இதனிடம் பதில் கிடையாது. உலர் குப்பைக்கென்று செய்த கருவி நீரை இழுத்தால் மோட்டார் கெடும். வாசல், மொட்டைமாடி, கிணற்றடிக்கு ஈர்க்குமாறுதான். கோலப்பொடியையும் ஊதுவத்திச் சாம்பலையும்கூட இதனால் எடுக்காமல் இருப்பது நல்லது. அந்த மாவுத்தூள் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். ஆகவே, துடைப்பத்தைத் தூக்கி எறியலாம் என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுவார். தினமும் கூட்டித் துடைக்கும் வீட்டில், தரையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தச் செலவு நியாயப்படாது என்பேன்.

தரையைவிட்டு மேலே பார்வையைத் திருப்பினால் கணக்கு மாறுகிறது. மெத்தை, தலையணை, சோபாவின் இடுக்கு, திரைச்சீலை, சறுக்கு ஜன்னலின் தடம், மின்விசிறியின் இறக்கை, புத்தக அலமாரியின் மேல்தட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நாலு விரல் இடைவெளி — துடைப்பத்தால் முடியாத இடங்கள் இவை; முடிந்தாலும் தூசியை ஓரிடத்திலிருந்து எழுப்பி இன்னோரிடத்தில் சேர்க்கத்தான் முடியும். கொசுவலை அடித்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு நகர வீடுகளில் சாலைத் தூசியும் பக்கத்து மனையில் எழும் கட்டடத்தின் சிமென்ட் தூசியும் முதலில் படிவது அந்த வலையில்தான். ஈரத்துணியால் துடைத்தால் கண்களில் சேறாக அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவுவது பெரிய வேலை. தட்டினால் அறைக்குள்ளேயே கொட்டும். சிறிய பிரஷ் தலையை மாட்டி மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தால் வலை கருமை நீங்கிக் காற்று வருவது தெரிகிறது. ஒயர் கருவியாலும் இதைச் செய்யலாம். ஆனால் ஏணியில் நின்றபடி குழாயையும் ஒயரையும் சமாளித்துச் செய்ய ஆள் கிடைக்காது. எனக்கு இந்தக் கருவியின் மதிப்பு புரிந்தது இங்கேதான்.

ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு இன்னும் கவனமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மெத்தையில் வாழும் தூசி உண்ணிகளின் கழிவு பலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டுகிறது. அதை உறிஞ்சி எடுப்பது நல்லதே. அது மட்டும் போதாது, உறைகளை வெந்நீரில் துவைக்கவும் வேண்டும். ஹெப்பா வடிகட்டி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் நிம்மதியடைந்துவிடக் கூடாது. வடிகட்டிக்கு முன்னால் எங்காவது இணைப்பில் இடைவெளி இருந்தால் தூசிக் காற்று அந்த வழியாக வெளியே வந்துவிடும். முழு உடலும் காற்றுப்புகாமல் இருப்பதுதான் முக்கியம். இதைவிடப் பெரிய குறை குப்பையைக் கொட்டும் நேரத்தில் வருகிறது. பெரும்பாலான கார்ட்லெஸ் கருவிகளில் பை கிடையாது, அரை லிட்டர் அல்லது முக்கால் லிட்டர் கலம். மூடியைத் திறந்ததும் இவ்வளவு நேரம் பிடித்து வைத்த நுண்தூசியில் ஒரு பங்கு முகத்துக்கு நேராக எழும்புகிறது. ஆஸ்துமா உள்ளவர் இதைச் செய்யவே கூடாது. வேறொருவர், வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். பை வைத்த ஒயர் கருவி இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மேல்.

எடையையும் கையில் வைத்தே பார்க்க வேண்டும். இரண்டரை, மூன்று கிலோ என்பது எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் மோட்டார், பேட்டரி, கலம் மூன்றும் கைப்பிடிக்கு அருகே குவிந்திருப்பதால் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. தரையில் உருட்டும்போது தெரியாது. பரணுக்கு மேலே நீட்டும்போது தெரியும். விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய மாடல்களை மூட்டுவலி உள்ளவருக்கு வாங்கித் தராதீர்கள். ஒருமுறை அழுத்தினால் ஓடும் பொத்தான் வைத்தவையும் இருக்கின்றன.

யார் கையில் இது இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்தத் திறனாய்வை முடிக்க முடியாது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டு இயந்திரங்கள் உடல் பாரத்தைக் குறைத்தாலும் இல்லத்தரசியின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை, சுத்தத்தின் எதிர்பார்ப்பு உயர்ந்தது, மற்றவர்கள் பங்கெடுத்த வேலையும் அவள் தலையில் விழுந்தது என்று காட்டினார். கார்ட்லெஸ் இந்த விதியைத் தானாக மாற்றிவிடாது. தினமும் மெத்தையை உறிஞ்ச வேண்டும் என்று ஒரு புது வேலை முளைத்து, அதுவும் அம்மாவின் பட்டியலில் சேர்ந்தால் இந்தக் கருவி அவளுக்குச் செய்தது தீங்குதான். ஆனால் நம் சமூகத்தில் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண்பிள்ளைகள் இதைக் கூச்சமின்றி எடுக்கிறார்கள் என்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதை அவர்களுடைய வேலையாகவே ஆக்கிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்கிறேன், அது வருத்தம் தருகிறது. முப்பதாயிரம் ரூபாய்க் கருவி சுவரில் தொங்கும். வேலைக்கு வரும் அக்கா மட்டும் குனிந்து துடைப்பத்தால் கூட்டுவார். ‘உடைத்துவிட்டால்?’ என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். ஒரு நாளில் நாலைந்து வீடுகளில் குனிந்து நிமிரும் முதுகு அவருடையது. நிமிர்ந்து நின்று கூட்டும் கருவி முதலில் அவருக்குத்தான் வேண்டும். ஒரு வாரம் பக்கத்தில் நின்று காட்டினால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

என் தீர்ப்பு இது. ஆள் வராத வீடு, நாய் பூனை வளர்க்கும் வீடு, குனிய முடியாதவர் இருக்கும் வீடு, சாலையோர அடுக்ககம் — இங்கெல்லாம் வாங்கலாம், பயன்படும். தினம் ஒருவர் வந்து கூட்டித் துடைத்துப் போகும், மெத்தை சோபா அதிகம் இல்லாத வீட்டுக்கு வேண்டாம். ஆஸ்துமா மட்டுமே காரணம் என்றால் பை வைத்த ஒயர் கருவி முதலில், இது அப்புறம். விலையைப் பொறுத்தவரை, உச்ச மாடல்களின் திரை, லேசர் வெளிச்சம், தூசி எண்ணும் கருவி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் நம் வழவழப்பான தரையில் வீண். மிக மலிவானதோ ஓரிரு ஆண்டில் உதிரிபாகம் கிடைக்காமல் குப்பையாகும். நடுவிலிருப்பதில், மென்மையான உருளையும் கழற்றும் பேட்டரியும் உள்ளதை எடுப்பதே சரி.

கழற்றும் பேட்டரி என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லித்தியம்-அயனி செல் 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குள் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். மேற்கு வெயில் படும் பால்கனிச் சுவரில் சார்ஜரை மாட்டுவது மே மாதத்தில் பேட்டரியைக் கொல்வதற்குச் சமம். மின்கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, பத்து முறை முழுதாகச் சார்ஜ் செய்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. உண்மையான செலவு பேட்டரிதான். புதியது 6,000 ரூபாய், மூன்று ஆண்டு வரும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 167 ரூபாய். இந்தக் கணக்கை வாங்கும் நாளிலேயே போட வேண்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். நமக்கும் அது வேண்டும். அதுவரை, கடையில் நின்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பேட்டரியை என் முன்னால் கழற்றிக் காட்டுவீர்களா, தனியாக என்ன விலை, எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். தேய்ந்த பேட்டரியைத் தெருக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியதை வாங்கும்போது பழையதைக் கொண்டுபோய் அவர்களிடமே கொடுங்கள்.