நூலாசிரியரும் நேயரும்: சென்னை வானொலியின் இலக்கியப் பேச்சில் கேட்போர் எனும் உறுப்பு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளிவந்த தமிழ்க் கட்டுரைத் தொகுப்புகள் பலவற்றில் முகவுரையிலோ கட்டுரையின் இறுதியிலோ ஒரு சிறு குறிப்பு காணப்படும். அக்கட்டுரை வானொலியில் பேசப்பெற்றது என்பதையும், நிலையத்தாரின் இசைவுடன் அச்சேறுகிறது என்பதையும் அது தெரிவிக்கும். பதிப்புரிமை சார்ந்த நன்றிக் குறிப்பாகவே அது பொதுவாகக் கடந்து செல்லப்படுகிறது. எனினும், ஒரு பனுவல் எங்குப் பிறந்தது, யாரை நோக்கி முதலில் சொல்லப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. எழுத்தாளர் தம் நூல் பற்றியும் எழுத்து பற்றியும் வானொலியில் நிகழ்த்திய பேச்சு, தனக்கெனக் கூற்றும் கேட்போரும் களனும் உடைய ஒரு தனி வகை என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வகையின் கேட்போர் யார் என்ற வினாவுக்குப் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்கள் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

விருந்து அவையும் ஒலிபரப்பு அறையும்

எழுத்தாளர் தம் நூலைப் பற்றிப் பேசும் நிகழ்வு மேலைநாட்டில் விருந்தோடு இணைந்து வளர்ந்தது. நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழ் நடத்திய ‘நூலும் நூலாசிரியரும்’ என்னும் பகலுணவுக் கூட்டங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்விதழின் இலக்கியப் பகுதி ஆசிரியர் ஐரிட்டா வான் டோரன் அவற்றை நெறிப்படுத்தினார். நகராட்சி வானொலியான டபிள்யூ.என்.ஒய்.சி. அக்கூட்டங்களை ஒலிபரப்பியது. 1951 அக்டோபரில் அக்கூட்டம் ஒன்றில் கடலியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பேசினார். கடலைப் பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டில்தான் வெளிவந்திருந்தது. நீருக்கடியில் பதிவுசெய்யப்பட்ட ஒலிகளை அவர் அவையோருக்கு ஒலிக்கச் செய்தார். இறால் கூட்டங்கள் எழுப்பும் ஒலியும் அவற்றுள் ஒன்று. நூலில் தர இயலாத ஒன்றைப் பேச்சு தந்தது. ஆயினும் அவையில் இருந்தோர் நூலை வாங்கவும் வாசிக்கவும் கூடிய நகரத்தார். அவர்களுக்குப் பேச்சு என்பது நூலுக்கு வாயில்.

தமிழ் வானொலியின் களன் வேறு. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. அங்கே பேச வந்த எழுத்தாளருக்கு எதிரே அவை இல்லை. நகைப்போ கைதட்டலோ இல்லை. முன்னரே எழுதி நிலையத்தாரிடம் ஒப்படைத்த உரையை, வரையறுத்த நிமிடங்களுக்குள், ஒலிவாங்கியின் முன் தனியே அமர்ந்து அவர் படித்தார். அரசு நிறுவனமாதலின் உரை முன்கூட்டியே பார்வையிடப்பட்டது. கேட்போர் எண்ணற்றோர்; அவருள் ஒருவர் முகமும் தெரியாது.

பாயிர மரபில் வானொலிப் பேச்சு

இப்புதிய களனைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கண மரபே துணைசெய்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல், கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாக எண்ணுகிறது. சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் கேட்போரையும் ஒன்றாக நன்னூல் வைக்கிறது. அதாவது, ஒரு நூல் யாருக்கு உரியது என்று சொல்லாத அறிமுகம் நிறைவுறாதது.

அதே நன்னூல் மற்றொரு வரையறையும் செய்கிறது. எத்துணைப் புலமை பெற்றவராயினும் ஆசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. ஆகவே பாயிரம் உரைப்போர் பிறராதல் வேண்டும். நூலாசிரியரே தம் நூலைப் பற்றிப் பேசும் வானொலி நிகழ்ச்சி இம்மரபுக்கு நேர்மாறானது போலத் தோன்றும். ஆனால் தற்புகழ்ச்சி குற்றமாகாத நான்கு இடங்களையும் பவணந்தியார் வகுத்துள்ளார்: அரசனுக்கு எழுதும் ஓலை, தம் ஆற்றல் அறியாதோரின் நடுவிடம், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுது, மாற்றார் பழித்த காலம். அவையும் மாற்றாரும் இல்லாத ஒலிபரப்பு அறையில் இறுதி இரண்டுக்கும் இடமில்லை. எஞ்சுவது, அறியாதோரிடம் தம்மை அறிவித்துக்கொள்ளும் நிலை ஒன்றே. வானொலிப் பேச்சின் அறமும் நடையும் இந்நிலையிலிருந்தே பிறக்கின்றன. நூலைப் படித்தவரோடு வாதிடுவது அதன் பணியன்று. நூலைப் படிக்காதவருக்கு அதன் பொருளைக் கொண்டுசேர்ப்பதே அதன் பணி.

சுண்ணாம்புக்குளத்து நேயர்

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். சென்னை மாகாண அரசு சிற்றூர்களில் பொது வானொலிப் பெட்டிகளை நிறுவி வந்த காலமும் இதுவே. சுண்ணாம்புக்குளம் சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதி. சென்னை நிலையமும் அவ்விரு மொழிகளிலும் ஒலிபரப்பியது. இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழும் ஏரிக்கரை மக்களுக்கு வானிலை அறிவிப்பும் புயல் எச்சரிக்கையும் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிப்பவை. அந்த அறிவிப்பைத் தந்த அதே அலைவரிசையில்தான் எழுத்தாளரின் பேச்சும் வந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். நூலின் வாசகர் அந்நூலைத் தேடிச் செல்கிறார். வானொலியின் கேட்போர் காற்றின் திசையை அறியக் காத்திருக்கையில் இலக்கியப் பேச்சை எதிர்கொள்ளக் கூடியவர். அப்பேச்சு அவருக்கு நூலுக்குச் செல்லும் வாயில் அன்று. பெரும்பாலும் அதுவே நூல். பேச்சில் விடுபட்டது அவரைச் சென்று சேராது. நியூயார்க் நகர விருந்தில் இறாலின் ஒலியைக் கேட்டவர் கடலிலிருந்து தொலைவில் இருந்தார். பழவேற்காட்டுக் கரையில் இருந்தவரோ நூலிலிருந்து தொலைவில் இருந்தார். முன்னவருக்கு உரிய பேச்சின் அளவுகோலைக் கொண்டு பின்னவருக்கு உரிய பேச்சை அளப்பது பொருந்தாது. எளிமை, சுருக்கம், கதையைத் திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றை ஆழமின்மையாகக் கருதும் திறனாய்வு, கேட்போர் எனும் உறுப்பை விட்டுவிட்டு ஏனைய உறுப்புகளை மட்டும் மதிப்பிடுகிறது.

வானொலி எழுத்தாளர்களும் அச்சுத் தடயங்களும்

இத்தேவையை உணர்ந்தவர்கள் வானொலிக்குள்ளேயே இருந்தனர். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலின் வழி இத்துறைக்குத் தமிழில் ஒரு கலைக்கோட்பாட்டைத் தந்தார். சென்னை வானொலியில் பணியாற்றிய மணிக்கொடி எழுத்தாளர் சிட்டியுடன் இணைந்து, தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றையும் சிறுகதை வரலாற்றையும் அவர் பின்னாளில் எழுதினார். நவீனத் தமிழ்ப் புனைகதையின் முதன்மையான வரலாறுகளுள் இரண்டு வானொலியாளர் இருவரின் கைவண்ணம் என்பது தற்செயலாகக் கருதத் தக்கதன்று. 1962இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மீ.ப. சோமு, கல்வி ஒலிபரப்பில் பணிபுரிந்த தி. ஜானகிராமன், அகிலன் ஆகியோரும் வானொலியைப் பணிக்களமாகக் கொண்டவர்கள்.

தொடக்கக் கால ஒலிபரப்புகள் பெரும்பாலும் நேரடியானவை. ஆகவே ஆய்வாளருக்கு வாய்ப்பது அச்சு வடிவமே. அதிலும் சில தடயங்கள் எஞ்சுகின்றன. அச்சுக்கென எழுதுபவர் ‘மேலே கூறிய’, ‘கீழே காண்க’ எனத் தாளின் இடத்தைச் சுட்டுவார். ஒலிக்கென எழுதுபவர் ‘சற்று முன்’, ‘இனி’ எனக் காலத்தைச் சுட்டுவார். அச்சில் ‘அவர்’ எனச் சுட்டுப்பெயர் போதும். ஒலியில் பாத்திரத்தின் பெயரே திரும்பத் திரும்ப வரவேண்டும், கேட்பவர் பின்னோக்கிப் புரட்ட இயலாதாகையால். தொடர்கள் ஒரு மூச்சின் அளவுக்கு அடங்கும். ‘நேயர்களே’ என்னும் விளி அச்சில் நீக்கப்படினும், அவ்விளிக்கு ஏற்ப அமைந்த முன்னிலைத் தொடர்கள் எளிதில் நீங்குவதில்லை. வாசிப்பவரை ‘வாசகர்’ எனச் செயலால் குறித்த தமிழ், வானொலி கேட்பவரை ‘நேயர்’ என அன்பால் குறித்தது. முகம் தெரியாதவரோடு ஓர் உறவை முன்கூட்டியே கற்பித்துக்கொள்ளும் இச்சொல்லே அவ்வகையின் இயல்பைக் காட்டும்.

முடிவுரை

வானொலிப் பேச்சைக் குறைபட்ட கட்டுரையாகக் கொள்ளும் நோக்கு கைவிடத் தக்கது. எழுத்தறியாதோரும் உள்ளிட்ட ஒரு கேட்போர் கூட்டத்தை நவீனத் தமிழ் இலக்கியம் நேரே நோக்கிய அரிய களங்களுள் அது ஒன்று. இதனால் பதிப்பாசிரியருக்கு ஒரு கடமை உண்டு. முழுத்தொகுப்புகளைப் பதிப்பிப்போர் இசைவுக் குறிப்பை நீக்காமல், நிலையத்தின் பெயரையும் ஒலிபரப்பிய நாளையும் உடன்தருதல் வேண்டும். நிகழ்ச்சி இதழான ‘வானொலி’யின் பழைய இதழ்கள் அந்நாள்களை மீட்க உதவும். அவ்வாறு மீட்கப்படும்போது, ஒரு பேச்சுக்கு முன்னும் பின்னும் என்ன ஒலித்தது என்பதும் தெரியவரும். வானிலை அறிவிப்புக்கு அடுத்து நாவலைப் பற்றிப் பேசிய எழுத்தாளரை, அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்த கரையையும் கணக்கில் கொண்டு படிப்பதே முறையான திறனாய்வாகும்.