புகைக் கணக்கும் பேர்க் கணக்கும்

கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைத் திறனாய்வுக்கு உரிய எழுத்தாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. அவை கணக்காளருக்கும் பங்குதாரருக்கும் உரியவை என ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் மனித வாழ்வைப் பற்றிப் பேசும் எந்த எழுத்தும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எதைச் சொல்லி எதை மறைக்கிறார் என்று ஒரு நாவலைக் கேட்கும் நாம், அதே கேள்விகளை ஆண்டறிக்கையிடமும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வறிக்கைகளில் இப்போது ஒரு புதிய அத்தியாயம் இடம்பெற்று வருகிறது. தம் தொழிலால் வானிற் கலக்கும் காபனீரொட்சைட்டு முதலிய பச்சைவீட்டு வாயுக்களைக் கம்பனிகள் அளந்து, அறிவித்து, குறைத்துக் காட்டும் அத்தியாயம் அது. இதன் இலக்கணம் 2001இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, 2004இல் திருத்தப்பட்ட ஓர் அனைத்துலக நியமத்தில் வகுக்கப்பட்டது. 2023இல் வேறு இரு அனைத்துலக நியமங்கள் வெளிவந்தன. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரி முதல், பங்குச் சந்தையின் பெரிய கம்பனிகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அவை நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. எனவே கம்பனிகள் விரும்பினால் எழுதும் அலங்காரப் பக்கமாக இருந்தது, இன்று சட்டத்தின் பார்வைக்கு உட்பட்ட எழுத்தாக மாறிவருகிறது.

அதன் இலக்கணம் எளிது. எரித்த எண்ணெயின் அளவை அதற்குரிய ஒரு குணகத்தாற் பெருக்கினால் வெளியேற்றம் கிடைக்கும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். ஆயிரம் லீற்றர் எரித்த தொழிற்சாலை 2.7 தொன் என எழுதிக்கொள்ளும். இவ்வாறு திரட்டிய தொகை மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. கம்பனி தன் கொதிகலனிலும் வாகனத்திலும் எரிப்பது முதலாம் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பொருட்டு வேறெங்கோ எரிவது இரண்டாம் வட்டம். மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு எனக் கம்பனியின் வாயிலுக்கு வெளியே நிகழும் அனைத்தும் மூன்றாம் வட்டம். 2004ஆம் ஆண்டின் நியமம் முதல் இரண்டையும் கட்டாயமாக்கிற்று. மூன்றாவதைக் கம்பனியின் விருப்பத்துக்கு விட்டது.

அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. அளக்கப்படாத தீங்கு மறுக்கப்படும் தீங்காகிவிடும் என்பது உழைக்கும் மக்கள் பட்டறிந்த உண்மை. புகையைக் கணக்கில் ஏற்றியது அறிவியலின் வெற்றி. நமது வினா வேறு. இக்கணக்கின் கோடுகளை யார் வரைகிறார்கள்? அக்கோடுகளுக்கு வெளியே நிற்பவர்கள் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேட மாத்தளை மாவட்டத்தைவிடத் தக்க இடம் இலங்கையில் அரிது. தேயிலைத் தோட்டமும், சுற்றுலா விடுதியும், நீர்மின் நிலையமும் ஒரே மாவட்டத்தில் அமைந்த இடம் அது.

முதலில் காலத்தை நோக்குவோம். ஒவ்வொரு காபன் கணக்குக்கும் ஓர் ‘அடிப்படை ஆண்டு’ உண்டு. கூடிற்றா, குறைந்ததா என்பது அவ்வாண்டோடு ஒப்பிட்டே சொல்லப்படும். அதனைத் தேர்ந்துகொள்பவர் கம்பனியார். வழக்கமாக அது அண்மைய ஆண்டாகவே இருக்கும். மாத்தளை மலைகளின் காபன் வரலாறோ அதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிட்டது. பயிரிடப்படாத நிலமெல்லாம் முடிக்குரியது எனக் கொள்ளும் சட்டத்தை 1840இல் ஆங்கில அரசு இயற்றிற்று. சேனைப் பயிரிட்ட குடியானவரின் காடு கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று. மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. நிலம் இழந்து, வரிச்சுமையும் தாங்காத மக்கள் 1848இல் இதே மாத்தளையிற் கிளர்ந்தெழுந்தனர். எரிந்த காட்டின் புகையை எந்தக் கம்பனியும் தன் பேரில் எழுதிக்கொள்ளவில்லை. அந்தச் சரிவுகளில் இன்று நடப்படும் மரக்கன்றுகளோ வரவுப் பக்கத்தில் ஒன்றொன்றாக ஏறுகின்றன. கடனைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டு, வரவை மட்டும் எழுதும் கணக்குப் பிள்ளையை எந்தக் கடைக்காரரும் வேலைக்கு வைத்திருக்கமாட்டார்.

அடுத்து இடத்தை நோக்குவோம். தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமக் குளத்தை நோக்கிய பாறைச் சரிவில், கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் திட்டப்படி எழுந்த ஹோட்டல் ஒன்று 1994இல் திறக்கப்பட்டது. குளமும் சூழலும் கெடும் என அஞ்சிக் கிராம மக்களும் பிக்குகளும் அதனை எதிர்த்துப் போராடினர். பின்னர் அமெரிக்காவுக்கு வெளியே பசுமைக் கட்டிடச் சான்றிதழ் பெற்ற முதற் கட்டிடங்களுள் ஒன்றாக அது புகழ்பெற்றது. பாறையோடு ஒட்டி, செடிகொடிகளாற் போர்த்தப்பட்டு நிற்கும் அக்கட்டிடத்தின் அழகையும் சிக்கனத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கேள்வி ஹோட்டற் தொழிலின் அளவுகோலைப் பற்றியது. 2012இல் அத்தொழிலார் தமக்கென வகுத்துக்கொண்ட முறை, விருந்தினர் தங்கும் ஓர் அறைக்கு எவ்வளவு வெளியேற்றம் என்று கணக்கிடுகிறது. விருந்தினர் விமானத்தில் வந்து போன வழி அதனுள் அடங்காது. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்து திரும்பும் ஒருவரின் பயணம், சராசரி இலங்கையர் ஒருவர் ஓராண்டில் வெளியேற்றுவதினும் மிகுதியான காபனீரொட்சைட்டை வானிற் கலக்கிறது. குளியலறைத் துவாயை மறுநாளும் பயன்படுத்துமாறு விருந்தினரை வேண்டும் கணக்கு, அவர் ஏறி வந்த விமானத்தைக் காண்பதில்லை. கோடு வரவேற்பு மண்டபத்து வாயிலில் முடிந்துவிடுகிறது.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இத்தகைய கோடு ஒன்றுண்டு. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் பெருவெப்பம் வேண்டும். அதனைப் பெரும்பாலும் விறகே தருகிறது. விறகு எரிந்து வரும் காபனீரொட்சைட்டை மூன்று வட்டங்களுக்கும் புறம்பாகத் தனியே எழுத வேண்டும் என்கிறது நியமம். வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அக்காபனை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்நியாயம் மரம் மீண்டும் வளர்ந்தால் மட்டுமே நிற்கும். கிளிறிசிடியா என்னும் சீமைக்கிளுவையை வேலியோரம் வளர்த்து, தறித்து, மீண்டும் தழைக்கவிட்டால் கணக்குச் சரி. காட்டு மரத்தை வெட்டிவிட்டுப் பின் மறந்தால், அது புகையைக் கணக்கின் பின்கட்டில் ஒளிப்பதாகும். லயன் அறையின் விறகடுப்பு முன் இருமியிருமிச் சமைக்கும் தாயின் நெஞ்சுக்குட் போகும் புகைக்கோ, முன்கட்டிலும் இடமில்லை, பின்கட்டிலும் இடமில்லை.

மூன்றாவதாக, வினையை நோக்குவோம். ‘வெளியேற்றம் குறைக்கப்பட்டது’ என்பது இவ்வறிக்கைகள் பெரிதும் விரும்பும் வாக்கியம். இலக்கணம் கற்ற மாணவர் உடனே கேட்பார்: யாராற் குறைக்கப்பட்டது? மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, 1976 முதல் மாத்தளை மாவட்டத்து உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அதே நீர் மேலும் ஓடிப் போவத்தன்னையிலும் மின்சாரம் தருகிறது. மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்த ஆண்டில் நாட்டின் மின்சாரத்திற் காபனின் பங்கு குறையும். மழை பொய்த்த ஆண்டில் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் மிகுதியாக எரிய, அது கூடும். ஒரு மின்குமிழைக்கூட மாற்றாத கம்பனிக்கும் நன்மழை ஆண்டில் இரண்டாம் வட்டம் சுருங்கிவிடும். வானம் செய்ததை நிருவாகம் செய்ததாகச் செயப்பாட்டு வினை எழுதிக்கொள்கிறது.

‘கிலோ ஒன்றுக்கு’ என்னும் அளவையும் இவ்வாறே எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. ஒரு தொழிற்சாலை ஒரு கிலோவுக்கான வெளியேற்றத்தைப் பத்து விழுக்காடு குறைத்து, உற்பத்தியை முப்பது விழுக்காடு பெருக்கினால், மொத்தப் புகை பதினேழு விழுக்காடு கூடிவிடும். அறிக்கையின் முகப்பில் பத்து நிற்கும். பதினேழைத் தேடிப் படிக்க வேண்டும்.

குறைப்பின் சுமை யார் தோளில் விழுகிறது என்பது இவற்றினும் பெரிய வினா. நைதரசன் உரத்தால் மண்ணிலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு, நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டினும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. உரத்தை அளவறிந்து இடுவது தேவையான சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. 2021 மே மாதம் இலங்கை அரசு ஒரே ஆணையால் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் அதனைக் கைவிட நேர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் எரிபொருட் பஞ்சமும் அவ்வீழ்ச்சிக்குத் துணை நின்றன. அவ்வாண்டின் உரப் புகையை மட்டும் அளந்தால் அது பசுமை ஆண்டு. கொழுந்தின்றி நின்ற செடியிடம் நிறைகூடையை எதிர்பார்க்கப்பட்ட பெண்ணுக்கோ அது பஞ்ச ஆண்டு.

தோட்டத்து மக்கள் கணக்குக்குப் புதியவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழிநெடுக நோயாலும் பசியாலும் மடிந்தவர் போக எஞ்சியவர்களின் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனை அடைக்கும்வரை துரையை மாற்ற முடியாது. 1921இற்றான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின்னும் செக்ரோல் ஏட்டிற் பதியப்படும் ‘பேர்’ தொடர்ந்தது. குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் நின்றால் முழுப்பேர், நிற்காவிட்டால் அரைப்பேர். நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேயே நிறைவேறிற்று. அரசுடைமையான எல்கடுவத் தோட்ட நிறுவனம் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களில் தொழிலாளரின் சேமலாப நிதி நெடுங்காலம் நிலுவையாகக் கிடந்ததும் ஊரறிந்த செய்தி. கணக்கு என்பது மேலே இருப்பவர் எழுதுவது, கீழே இருப்பவர் கட்டுப்படுவது என்பதே இம்மக்களின் இருநூறாண்டு அனுபவம். புதிய காபன் கணக்கும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, கொழும்பிற் கையெழுத்தாகி, வெளிநாட்டுக் கொள்வனவாளரின் மேசைக்குப் போகிறது. கொழுந்து பறித்தவர் அதில் ஒரு சொல்லையும் படிக்கவில்லை. மலையக மனிதரை எழுத்தின் எழுவாயாக நிறுத்திய சி. வி. வேலுப்பிள்ளையின் மரபில் வந்த நாம், இந்தப் புதிய எழுத்தில் அவர் மீண்டும் காணாமற்போவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது.

இது எழுத்தைப் பற்றிய வாதத்தோடு நின்றுவிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மண் சரிந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெப்பமேறிய கடல் இத்தகைய பெருமழைகளுக்கு வலுவூட்டுகிறது என்று அறிவியலார் நெடுநாளாக எச்சரித்து வந்துள்ளனர். மிகக் குறைவாகப் புகை விட்டவர்களே மண்சரியும் சாய்வுகளில் வாழ்கிறார்கள். ஆகவே காபன் கணக்கு நேர்மையாக எழுதப்படுவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

நாம் வேண்டுவது என்ன? அறிக்கை மொத்தப் புகையை முதலிற் கூறட்டும். கிலோ ஒன்றுக்கான அளவு பின்னர் வரட்டும். மழை தந்த குறைவையும் முயற்சி தந்த குறைவையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டட்டும். விறகு எங்கிருந்து வந்தது, வெட்டிய இடத்தில் எது முளைத்தது என்று சொல்லட்டும். விலைக்கு வாங்கிய காபன் வரவையும், நட்ட கன்றின் எதிர்கால வரவையும், எரித்த எண்ணெயின் பற்றோடு கழிக்காமல் தனியே வைக்கட்டும். ஈர விறகைக் காயவைத்து எரித்தல், வாட்டும் விசிறிகளின் மோட்டாரைத் தேவைக்கேற்ப ஓட்டுதல், மண்ணைச் சோதித்து உரமிடுதல், கூரையிற் சூரியத் தகடு பதித்தல் ஆகியவை யாருடைய கூலியையும் குறைக்காத குறைப்புகள். அவை முதலில் வரட்டும். இவ்வறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட்டு, தொழிற்சங்கங்களின் கேள்விக்கு உட்படட்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. காபன் அறிக்கை ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். விஞ்ஞான ஆசிரியர் குணகத்தை விளக்கட்டும். கணித ஆசிரியர் விழுக்காட்டைச் சரிபார்க்கட்டும். வரலாற்றாசிரியர் அடிப்படை ஆண்டுக்கு முந்திய பக்கங்களைத் திறக்கட்டும். தமிழாசிரியர் மறைந்த எழுவாயைத் தேடட்டும். நிறுவைத் தராசின் முள்ளை எட்டிப் பார்க்கத் தொழிலாளி துணிந்த நாளிலேயே தோட்டங்களில் சங்கம் பிறந்தது. வானத்தை நிறுக்கும் இந்தப் புதிய தராசின் முள்ளையும் அவர்கள் பார்க்க வேண்டும். பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் கடன்.