ஊருக்கும் நாளுக்கும் கட்டுப்பட்ட ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதன் பிறகு, சிறப்பாக ஆடிய அணிகள் தொலைவிலுள்ள ஒரு நகரத்துக்கு விருந்தினராகச் சென்று, ஒரே ஓர் ஆட்டம் ஆடித் திரும்பும். அந்த ஆட்டமே பவுல். அதன் மரபான இயல்புகள் மூன்று. பெரும்பாலும் அது இரு அணிகளுக்குமே அயலூரில் நடப்பது. அதை நடத்துவது பல்கலைக்கழகமல்ல, ஓர் ஊர். அதற்கு அடுத்த சுற்று என்று எதுவும் கிடையாது. வென்றாலும் தோற்றாலும் பருவம் அன்றோடு முடிகிறது. பவுல் ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்த மூன்றிலிருந்து பிறந்தது. அண்மைக் காலத்தில் அதன் ஈர்ப்பு குறைந்து வருவதற்கு, முதலில் அதன் அருமையும் பிறகு இந்த இயல்புகளும் தளர்ந்ததே காரணம்.

இவற்றில் மூத்தது கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்து ரோஸ் பவுல். 1890 ஜனவரி 1 அன்று அங்கிருந்த வேலி ஹன்ட் கிளப், பூக்களால் அலங்கரித்த குதிரை வண்டிகளின் ஊர்வலத்தை நடத்தியது. நாட்டின் கிழக்கும் வடக்கும் பனியில் உறைந்து கிடக்கும் நாளில் தங்கள் ஊரில் ரோஜா மலர்கிறது என்று காட்டுவதே நோக்கம். 1902இல் அந்த விழாவோடு கால்பந்து சேர்ந்தது. மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று வென்றது. ஆட்டம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு விலகிக்கொண்டது. அத்தோடு கால்பந்தைக் கைவிட்ட விழாக்குழு, பின்வந்த ஆண்டுகளில் குதிரைத் தேர்ப் பந்தயம் போன்றவற்றை நடத்திப் பார்த்தது. 1916இல் கால்பந்து திரும்பிவந்து நிலைத்தது. 1922இல் அரோயோ செக்கோ பள்ளத்தாக்கில் மைரன் ஹன்ட் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த ஸ்டேடியம் எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் கிண்ண வடிவ மைதானம் அதற்கு முன்மாதிரி. பவுல் என்ற பெயர் அங்கிருந்து வந்து, பிறகு மற்ற நகரங்களின் ஆட்டங்களுக்கும் பரவியது.

ரோஸ் பவுலைச் சுவைக்கத் தெரிந்தவர்கள் முதலில் பேசுவது வெளிச்சத்தைப் பற்றி. காலையில் கொலராடோ சாலை வழியே மலர் ஊர்திகள் செல்லும். அவற்றின் வெளிப்பரப்பு முழுவதும் பூ, இலை, விதை, மரப்பட்டை என்று இயற்கைப் பொருள்களால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பிற்பகலில் ஆட்டம் தொடங்கும்போது ஸ்டேடியம் முழு வெயிலில் இருக்கும். ஆட்டம் பாதியைத் தாண்டியதும் மேற்குப் பக்கத்து நிழல் புல்தரையில் நீளும். வடக்கே சான் கேப்ரியல் மலைகள் பொன்னிறமாகி, ரோஜா நிறமாகி, ஊதாவாக மாறும். இறுதிக் கட்டம் பெரும்பாலும் விளக்கொளியில் முடிந்துவந்தது. ஒரே ஆட்டத்தில் பகலும் அந்தியும் இரவும் வந்துபோகும் இந்த ஒழுங்கு ஜனவரி முதல் நாளுக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் மட்டுமே உரியது. மிச்சிகனிலும் ஒகையோவிலும் பனிக்குள் அடைபட்டு, மாலை இருட்டிய பிறகும் தொலைக்காட்சியில் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோருக்கு, ஆட்டத்தைப் போலவே அந்தக் காட்சியும் புத்தாண்டின் பகுதியாக இருந்தது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் இந்த யோசனையைத் தெற்கு நகரங்களுக்குக் கொண்டுபோனது. குளிர்காலப் பயணிகளை வரவழைக்க வழி தேடிய மயாமியில் ஆரஞ்சு பவுலும், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுலும் 1935இல் தொடங்கின. டெக்சாஸின் எல் பாசோவில் சன் பவுல் 1936இல் கல்லூரி அணிகளின் ஆட்டமாயிற்று. 1937இல் டாலஸில் காட்டன் பவுல் பிறந்தது. ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி, வெயில் என ஒவ்வொரு ஊரும் தன் மண்ணின் விளைபொருளையோ வானிலையையோ பெயராகச் சூட்டிக்கொண்டது. ஆட்டங்களுக்கும் அந்த மண்ணின் குணம் வந்தது. மயாமியின் பழைய ஸ்டேடியம் லிட்டில் ஹவானா குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. திறந்திருந்த அதன் ஒரு முனையில் பனை மரங்கள் நின்றன. டாலஸ் ஆட்டம் டெக்சாஸ் மாநிலக் கண்காட்சி நடக்கும் ஃபேர் பார்க் வளாகத்தில் நடந்தது. அங்கே வெயிலுக்கு உத்தரவாதம் இல்லை. 1979 ஜனவரியில் பனிப்புயலுக்குப் பின் உறைந்துபோன நகரத்தில்தான், உடல் வெப்பம் இறங்கிப்போய் சூப் குடித்துத் தேறிய ஜோ மொன்டானா கடைசி நொடியில் நோட்டர்டேமுக்கு 35-34 என வெற்றி தேடித்தந்தார்.

விருந்தோம்பலே இந்த ஊர்களின் கலை. இந்தப் பழைய பவுல்கள் ஒவ்வொன்றையும் உள்ளூர் வணிகர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அடங்கிய லாப நோக்கற்ற குழு ஒன்று நடத்தும். பாசடீனாவின் தன்னார்வலர்கள் வெள்ளை உடையிலும், மயாமியின் குழுவினர் ஆரஞ்சு நிறக் கோட்டிலும் தெருவில் அடையாளம் தெரிவார்கள். அணிகள் ஏறக்குறைய ஒரு வாரம் ஊரில் தங்குவது வழக்கமாக இருந்தது. ரோஸ் பவுலுக்கு வரும் அணிகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி உணவகம் ஒன்றில் மாட்டிறைச்சி விருந்து வைக்கும் வழக்கம் 1956இல் தொடங்கியது. கல்லூரி பேண்டு குழுக்கள் தெருக்களில் வாசிக்கும். பெற்றோரும் பழைய மாணவர்களும் விடுமுறையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அந்த ஊரிலேயே புத்தாண்டைக் கழிப்பார்கள். சிறு நகரத்துக் கல்லூரியின் மாணவன் ஒருவன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது பவுல் பயணத்தில்தான் என்பது அந்தக் காலத்தில் அரிதான செய்தியல்ல.

அடுத்த சுற்று இல்லாத ஆட்டத்துக்குத் தனி அழகு உண்டு. பருவம் முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து நடப்பதால் பயிற்சியாளர்கள் புதிய உத்திகளைத் தீட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். எதையும் அடுத்த வாரத்துக்காக ஒளித்துவைக்கத் தேவையில்லை. 2007 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுலில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் அணி, பெரும்பெயர் பெற்ற ஓக்லஹோமாவைச் சந்தித்தது இதற்கு நல்ல சான்று. கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த பாய்சி ஸ்டேட், உதைத்துச் சமன் செய்யாமல் இரண்டு புள்ளி முயற்சியில் இறங்கியது. குவார்ட்டர்பேக் ஜாரட் ஜப்ரான்ஸ்கி வலக்கையால் வலப்பக்கம் எறிவதுபோல் பாவனை செய்தார். பந்து அவர் முதுகுக்குப் பின்னே இடக்கையில் இருந்தது. அதைப் பெற்ற இயன் ஜான்சன், எதிரணி முழுவதும் மறுபக்கம் சாய்ந்திருக்க, இடப்பக்கம் தனியே ஓடி எல்லையைத் தொட்டார். முடிவு 43-42.

துணிவுக்கு இன்னொரு சான்று 1984ஆம் ஆண்டின் ஆரஞ்சு பவுல். தோல்வியே அறியாத நெப்ராஸ்கா, தன் சொந்த ஊரில் ஆடிய மயாமியிடம் 31-30 எனப் பின்தங்கியிருந்தது. எஞ்சியிருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு புள்ளிக்கு உதைத்திருந்தால் ஆட்டம் சமனாகி, தேசிய முதலிடம் பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் வெற்றியையே நாடி இரண்டு புள்ளிக்கு முயன்றார். பந்து விரலில் பட்டு விலகியது. தோற்றாலும் ஆஸ்போர்னின் அந்த முடிவை ஆட்டத்தை மதிப்பவர்கள் இன்றும் போற்றுகிறார்கள்.

பவுல் ஆட்டங்கள் சமூக வரலாற்றிலும் இடம் பெற்றன. 1956இல் பிட்ஸ்பர்க் அணியின் பாபி கிரியர் சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அவர் ஆடும் களத்தில் ஜார்ஜியா டெக் அணி இறங்கக் கூடாது என்று ஜார்ஜியா ஆளுநர் தடுக்கப் பார்த்தார். அந்தக் கல்லூரி மாணவர்களே ஆளுநரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஆட்டம் நடந்தது.

பட்டத்தைத் தீர்மானிக்கும் வேலை தொடக்கத்தில் பவுல்களுக்கு இருக்கவில்லை. தேசிய முதலிடத்தை அறிவித்த அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பு, 1965 ஒன்றைத் தவிர, 1967 பருவம் வரை பவுல்களுக்கு முன்பே முடிந்துவிடும். 1964 பருவத்தின் முதலிடம் அலபாமாவுக்குப் போன பிறகு, அது ஆரஞ்சு பவுலில் டெக்சாஸிடம் தோற்றது, முதலிடம் மாறவில்லை. அழைப்பே அன்று பரிசாக இருந்தது. மிச்சிகன், ஒகையோ ஸ்டேட் முதலிய அணிகளின் பிக் டென் கூட்டமைப்பு 1975 வரை தன் அணிகளை ரோஸ் பவுலுக்கு மட்டுமே அனுப்பியது. இடம் கிடைப்பது அரிதாக இருந்ததால் அதன் மதிப்பும் உயர்ந்து நின்றது.

முதலில் தளர்ந்தது இந்த அருமை. 1960களில் பத்தை ஒட்டியே இருந்த பவுல்களின் எண்ணிக்கை, 2015 பருவத்தில் நாற்பதைத் தொட்டது. அன்று மேல்நிலைப் பிரிவில் இருந்த அணிகள் 128. பவுல் இடங்கள் 80. தகுதிக்குத் தேவையான ஆறு வெற்றிகள் பெற்ற அணிகள் போதாமல், ஐந்து வெற்றி மட்டுமே பெற்ற மூன்று அணிகள் அழைக்கப்பட்டன. தொலைக்காட்சிக்கு டிசம்பர் மாலைகளை நிரப்ப ஆட்டங்கள் தேவைப்பட்டன, ஈ.எஸ்.பி.என். நிறுவனமே பத்துக்கும் மேற்பட்ட பவுல்களின் உரிமையாளர் ஆயிற்று. வீட்டில் பார்ப்போர் குறையவில்லை. ஆனால் ஸ்டேடியங்களில் இருக்கைகள் காலியாயின. பங்கேற்கும் கல்லூரிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் டிக்கெட்டுகளை வாங்கியே ஆக வேண்டிய ஒப்பந்தமும் சுமையானது. 2011இல் ஃபியஸ்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம், விற்காத டிக்கெட்டுகளால் பெரும் இழப்போடு திரும்பியது.

அடுத்துத் தளர்ந்தது ஊரோடு இருந்த பிணைப்பு. ஆரஞ்சு பவுல் 1996இல் லிட்டில் ஹவானாவை விட்டுப் புறநகர் ஸ்டேடியத்துக்குப் போனது. பழைய ஸ்டேடியம் 2008இல் இடிக்கப்பட்டது. ஆண்டிறுதி இரவில் மயாமி வீதிகளில் நடந்த அணிவகுப்பும் நின்றுபோனது. காட்டன் பவுல் 2010இல் ஃபேர் பார்க்கை விட்டு, ஆர்லிங்டனின் கூரையிட்ட ஸ்டேடியத்துக்கு மாறியது. வசதி கூடியது, குளிர் போயிற்று, டாலஸும் போயிற்று. மூடிய கூரையின் கீழ் எந்த ஊரும் எந்த மாதமும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர்களையும் ஸ்பான்சர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல் பாசோவின் ஆட்டம் 1989 முதல் சில ஆண்டுகள் வெயிலின் பெயரையே இழந்து, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் நடந்தது.

மூன்றாவதாக, பவுல் தனி ஆட்டம் என்ற நிலை போனது. எந்த அணி முதலிடம் என்பதை ஆடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதற்காக 1998இல் முதல் இரு அணிகளை மோதவிடும் பி.சி.எஸ். முறையும், 2014 பருவத்தில் நான்கு அணிகளின் பிளே ஆஃப் முறையும், 2024இல் பன்னிரண்டு அணிகளின் முறையும் வந்தன. இப்போது ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறும் காலிறுதி, அரையிறுதிப் படிகள். 2024 பருவத்தில் பட்டம் வென்ற ஒகையோ ஸ்டேட், சொந்த ஊரான கொலம்பஸில் தொடங்கி பாசடீனா, ஆர்லிங்டன், அட்லாண்டா என்று ஒரு மாதத்துக்குள் நான்கு ஊர்களில் ஆடியது. அத்தனை பயணத்துக்கும் பல குடும்பங்களால் செலவு செய்ய முடியாது. ஒரு வாரத் தங்கல் சில இரவுகளாகச் சுருங்கியது. எதிரெதிர்ப் பகுதிகளின் சந்திப்பு என்ற புதுமையும் மங்கியது. 2024இல் பசிபிக் கரைக் கூட்டமைப்பு சிதறி, ஆரிகன் உள்ளிட்ட நான்கு அணிகள் பிக் டென்னில் சேர்ந்தன. 2025 ரோஸ் பவுலில் மோதிய ஒகையோ ஸ்டேட்டும் ஆரிகனும் ஒரே கூட்டமைப்பினர். அக்டோபரில் ஏற்கெனவே ஒருமுறை மோதியவர்கள்.

படிகளில் இடம்பெறாத மற்ற பவுல்களின் நிலை இன்னும் கடினம். 2016 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலில் முழங்கால் சிதைந்த நோட்டர்டேம் வீரர் ஜேலன் ஸ்மித், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் முன்னணி வீரர்களான லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் பவுல் ஆடாமல் விலகினர். எதிர்காலமே உடலை நம்பியிருக்கும் இளைஞர்களுக்கு அது தகுந்த முடிவு. 2021 முதல் கல்லூரி மாறும் வீரர்கள் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்றானது. மாறுதலுக்கான காலம் டிசம்பரிலேயே திறந்தது. 2023இல் தோல்வியே இல்லாமல் பிளே ஆஃபில் இடம் மறுக்கப்பட்ட ஃப்ளோரிடா ஸ்டேட், முன்னணி வீரர்கள் பலர் இன்றி ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றது. 2024இல் மார்ஷல் அணி ஆள் போதாமல் இன்டிபென்டன்ஸ் பவுலிலிருந்து விலகியது. 2025 டிசம்பரில் பிளே ஆஃபில் இடம் கிடைக்காத நோட்டர்டேம், வேறு பவுல் எதுவும் வேண்டாம் என்று அறிவித்தது.

ஆயினும் பழைய சுவை முற்றிலும் போய்விடவில்லை. எல் பாசோவில் என்.எஃப்.எல். அணி கிடையாது, சன் பவுல் அந்த எல்லைப்புற நகரத்தின் பெருநாள். ஃபிராங்க்ளின் மலையடிவாரப் பாறைகளுக்கு நடுவே 1963இல் கட்டிய ஸ்டேடியம் இன்னும் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது. சி.பி.எஸ். தொலைக்காட்சி 1968 முதல் அதை ஒளிபரப்புகிறது. சார்லட் நகரில் வென்ற பயிற்சியாளரின் தலையில் மயோனைஸைக் கொட்டுகிறார்கள். ஆர்லாண்டோவில் 2023 முதல் வென்ற அணி தின்பண்டமாகவே செய்த சின்னத்தை உண்டு கொண்டாடுகிறது. ஸ்பான்சர்களிடமிருந்து வந்தவை என்றாலும், இந்தச் சடங்குகளில் பட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு களிப்பு உண்டு. பவுல் ஆட்டம் அந்தக் களிப்பில் தொடங்கியதுதான்.

ஒரு பவுலின் தரத்தை அளக்க, அந்த ஆட்டத்தை வேறோர் ஊருக்கு, வேறொரு நாளுக்கு மாற்றினால் என்ன குறையும் என்று கேட்டால் போதும். பாசடீனாவிலும் எல் பாசோவிலும் நிறையக் குறையும். கூரையிட்ட ஸ்டேடியங்களில் நடக்கும் காலிறுதிகளில் அநேகமாக எதுவும் குறையாது. காலிறுதிகளைக் கல்லூரிகளின் சொந்த மைதானங்களில் நடத்தி, பவுல்களை மீண்டும் தனி ஆட்டங்களாக விடலாம் என்ற யோசனைக்கு வலு சேர்ப்பது இதுவே. அந்த ஏற்பாட்டில் பட்டத்துக்குரிய அணியும் தெரியவரும். விருந்தோம்பும் ஊர்களுக்கு அவற்றின் நாளும் திரும்பக் கிடைக்கும்.