இலக்கியவழி வரலாற்றுக் கலைத்திட்டம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோர் பலர், பாடநூலுக்கு மாற்றாகக் கதை நூல்களைக் கொண்டு வரலாறு கற்பித்து வருகின்றனர். இம்முறையின் முதன்மையான வேர்களுள் ஒன்று, இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த நெறியாகும். செய்திகளை அடுக்கித் தரும் வறண்ட பாடநூல்களை விடுத்து, 'உயிருள்ள நூல்களை'ப் படிக்கத் தர வேண்டும் என்பதும், படித்ததைப் பிள்ளை தன் சொற்களில் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அவர்தம் கருத்துகள். இவ்வகைத் தொடக்கநிலைக் கலைத்திட்டங்களை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இம்முறையின் வலிமையை முதற்கண் ஏற்றாக வேண்டும். எஸ்தர் ஃபோர்ப்ஸ் எழுதிய 'ஜானி டிரெமெய்ன்' (1943), பாஸ்டன் நகரத்து வெள்ளி வேலையாளரிடம் தொழில் பழகும் சிறுவன் ஒருவன்வழி அமெரிக்கப் புரட்சியைக் காட்டுகிறது. பால் ரிவியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியமைக்காக அதே 1943ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர் ஃபோர்ப்ஸ். ஆய்வுப் புலமையும் கதைத்திறனும் ஒருங்கே அமைந்த இத்தகைய நூல், ஆண்டுகளின் பட்டியல் தர இயலாத காலவுணர்வைத் தருகிறது.

எனினும், நூலின் இலக்கியச் சிறப்பு வரலாற்றுச் சான்றாகிவிடாது. இக்கலைத்திட்டங்களில் பெரிதும் இடம்பெறும் லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி' (1935) இதனைத் தெளிவாக்கும். 1867இல் பிறந்த லாரா, பெற்றோருடன் கான்சஸில் வாழ்ந்தபோது நான்கு வயதைக் கடந்திருக்கவில்லை. கதையில் வரும் சிறுமியோ அதனினும் மூத்தவள். நேரில் கண்டதுபோல் தோன்றுவதில் பெரும்பகுதி குடும்ப நினைவும் புனைவும் ஆகும். அக்குடும்பம் குடியேறிய நிலம் ஓசேஜ் மக்களுக்கு உரியது. 1870இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தையடுத்து அம்மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். தொடக்கப் பதிப்பில், பழங்குடியினரை மக்களாகவே எண்ணாத தொடர் ஒன்று இருந்தது; வாசகர் ஒருவரின் கடிதத்திற்குப் பின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மக்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' என மாற்றப்பட்டது. சொல் திருந்தியதேயன்றி, கதையின் நோக்குநிலை மாறவில்லை.

இக்குறையை நிறைக்க லூயிஸ் எர்ட்ரிச்சின் 'தி பிர்ச்பார்க் ஹவுஸ்' (1999) என்னும் நாவலை இணைத்துப் படிக்கச் செய்யலாம். சுப்பீரியர் ஏரித் தீவொன்றில், 1847ஆம் ஆண்டில் வாழும் ஒஜிப்வே சிறுமியின் கதை அது. இவ்விணைப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒஜிப்வே மக்கள் வேறு, ஓசேஜ் மக்கள் வேறு; ஒருவர் கதை மற்றவர் இழப்பைச் சொல்லிவிடாது. 'இருதரப்பும் படித்தாயிற்று' என்னும் நிறைவு இங்குப் பிழையானது.

எடுத்துரைத்தல் முறையும் இங்குத் துணை செய்யாது. நூல் சொன்னதைப் பிள்ளை எவ்வளவு உள்வாங்கியது என்பதை அது காட்டும். நூல் சொல்லாமல் விட்டதைக் காட்டாது. பள்ளி வகுப்பிலாயின் மற்றொரு மாணவரின் வினா குறுக்கிடக்கூடும். வீட்டில் அவ்வாய்ப்பு அரிது. ஆசிரியப் பயிற்சி பெறாத பெற்றோருக்குக் கலைத்திட்டத்தின் வழிகாட்டி நூலே பெருந்துணை.

ஆகவே, நூற்பட்டியலைவிட வழிகாட்டி நூலையே முதலில் ஆராய வேண்டும் என்பது நம் கருத்து. கதை நிகழும் நிலத்தின் வரைபடமும், அக்காலச் சட்டமோ கடிதமோ ஒன்றும் அதில் உள்ளனவா? எழுதியவர் எப்போது, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துகிறதா? இக்கதையை வேறு யார் சொல்லியிருந்தால் மாறியிருக்கும் என்று கேட்கிறதா? இவ்வினாக்களுக்கு விடையளிக்காத கலைத்திட்டம் நல்ல வாசகரை உருவாக்கலாம். வரலாற்றறிவு உடையவரை உருவாக்குமெனக் கூறுவதற்கில்லை. வகுப்பறையில் கதைவழி வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.