பாதம் தெரியாத நாட்டியம்

2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி திரைக்கு வந்து கூட்டத்தை அள்ளியது. அதற்கு முந்தைய நவம்பரில் ‘நாயகன்’. அதிலிருந்து பழைய படம் என்றாலே கீறல் நீக்கு, வண்ணம் கூட்டு, ‘4கே’ என்று சுவரொட்டி ஒட்டு என்ற வேகம் பிடித்துக்கொண்டது. லஸ் முனையில் காபி குடிக்கும்போதும் பேச்சு இதுதான். எந்த வெளியீட்டில் பிரிண்ட் தெளிவு, யாரிடம் உள்ள டிவிடியில் நிறம் வெளுக்காமல் இருக்கிறது என்று நண்பர்கள் மணிக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பேச்சில் அண்மையில் ஒருவர், “பழைய சதுரப் படத்தை அகலமாக்கினால் என்ன தப்பு? இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறெப்படிப் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, பர்மா பஜார் திருட்டு வட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியம் பாதி குறைந்தது. பாண்டி பஜாரில் காய்கறிப் பையோடு நின்று சிவாஜி படம் வாங்க முடிந்தது. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ புதுப்பொலிவோடு வந்து சத்யம் திரையரங்கில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. தாத்தாவும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஒலியில் இரைச்சல் போனது, வண்ணம் திரும்பியது. இவை சிறிய சாதனைகள் அல்ல.

குறைகளிலும் பலவற்றை மன்னிக்கலாம். 4.7 ஜிபி வட்டில் ஒரு மூன்று மணி நேரப் படத்துக்கே இடம் போதும் போதாததுமாக இருக்கும். அதில் மூன்று படங்களைத் திணித்தார்கள். இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன. மூலையில் நிறுவனத்தின் முத்திரை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. வசனத்துக்கு ஆங்கில எழுத்து ஓடும், பாட்டு வந்ததும் நின்றுவிடும். விலை குறைவு என்று பொறுத்துக்கொண்டோம்.

சட்டகத்தை வெட்டுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முன் ஸ்கோப் இல்லை. அந்தக் காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம். உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. ஸ்கோப்பின் அகலம் 2.35. முன்னதைப் பின்னதாக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் இழுப்பது. அப்போது பத்மினியின் முகம் பூசணிக்காய் போல உப்பும். மற்றொன்று, மேலும் கீழும் வெட்டுவது. அப்போது படத்தில் நூற்றுக்கு 42 பங்கு போய்விடும். வீட்டு டிவியின் அகலத்துக்கு மட்டும் வெட்டினாலும் 23 பங்கு போகும். மிச்சத்தை எத்தனை ‘கே’யில் வருடி எடுத்தாலும் போனது திரும்பாது. தெளிவை அளப்பவர்கள் இதை அளப்பதே இல்லை.

என் வீட்டில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1958-இல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த படம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் போட்டி நடனத்துக்காகவே இன்றும் பார்க்கப்படுவது. பழைய டிவிடியில் நிறைய கீறல், ஒலி கரகரப்பு, ஆனால் சட்டகம் முழுசு. பிறகு வாங்கிய ‘அகலத்திரை’ வடிவம் கண்ணாடி போல இருக்கிறது. அதில் இரண்டு பேருக்கும் பாதம் இல்லை. ஜதி வேகமெடுக்கும்போது, சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கை தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே திரை முடிந்துவிடுகிறது. சில இடங்களில் பாதத்தைக் காப்பாற்ற நினைத்து மேலே வெட்டியிருக்கிறார்கள். உயர்த்திய கை மணிக்கட்டோடு நின்றுபோகிறது.

நடனத்தில் காலின் அருமை மயிலாப்பூர் ரசிகர்களுக்குத் தெரியாததல்ல. மார்கழியில் சபாவில் முன்வரிசைத் தலை ஒன்று ஆடுபவரின் காலை மறைத்தால் எழுந்து இடம் மாறுகிறோம். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் சேரும் சிறுமிக்கு முதலில் சொல்லித்தருவது அரைமண்டி. இடுப்புக்குக் கீழே அமையும் அந்த உருவத்தின் மேல்தான் பரதம் நிற்கிறது. அதை அறிந்த ஒளிப்பதிவாளர் தலையிலிருந்து பாதம்வரை இடம்விட்டுச் சட்டகம் அமைத்தார். தலைக்கு மேல் அவர் விட்ட வெற்றிடமும் அளந்து விட்டதுதான்.

அதே ஜெமினி வளாகத்தில், இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கும் இடத்தில், உதயசங்கர் ‘கல்பனா’வை எடுத்தார், ஒளிப்பதிவு கே. ராம்நாத். 1948-இல் வந்த அந்த நடனப் படத்தை, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டு மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு இத்தாலியின் பொலோனியாவில் மீட்டது. 2012-இல் கான் விழாவில் காட்டினார்கள். பிறகு கிரைட்டீரியன் நிறுவனம் அதை வட்டாகவும் வெளியிட்டது. சட்டகம் அன்றைய சதுரமாகவே இருக்கிறது. விரலும் பாதமும் உள்ளேயே இருக்கின்றன. நம் ஊரில் எடுத்த படத்துக்கு வெளியூரில் கிடைத்த மரியாதை, அதே அரங்குகளில் எடுத்த மற்ற படங்களுக்கு நம் ஊரிலேயே ஏன் கிடைக்கக் கூடாது?

சதுரப் படத்தை வெட்டாமல் காட்டி இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள் என்பது வாதம். தி.நகர் பேருந்தில் கைப்பேசி பார்க்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். நெடுக்கான படம், படுக்கையான படம், சதுரமான படம், எல்லாவற்றையும் பட்டையோடுதான் பார்க்கிறார்கள். பட்டையைக் கண்டு பயப்படுபவர்கள் வெளியிடுபவர்கள்தான். ரசிகர் கேட்காத ஒன்றை அவர் பெயரால் செய்துவிட்டு, அதையே மீட்பு என்றும் சொல்கிறார்கள். கோயில் சிற்பத்தின் காலைச் செதுக்கி எடுத்துவிட்டு அதைத் திருப்பணி என்று யாராவது சொன்னால் ஏற்போமா?

கூடுதல் அம்சங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் வாங்கிய தமிழ் வட்டுகளில் ‘கூடுதல்’ என்றால் பாடல்களுக்கு நேரே தாவும் பட்டியலும் மற்றப் படங்களின் விளம்பரமும்தான். ‘காதலிக்க நேரமில்லை’யை ஒளிப்பதிவு செய்த வின்சென்ட் 2015 வரை நம்மோடு இருந்தார். ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் 2016 வரை இருந்தார். அவர் சேர்த்த புகைப்படங்களும் தகவல்களும் ஒரு படச் சரித்திரத்துக்கே போதும். திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை 2023-இல் போனார். ஒலிவாங்கியோடு இவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தால் போதும். அந்தச் சட்டகம் ஏன் அப்படி அமைந்தது என்பதை அமைத்தவரே சொல்லியிருப்பார். வெட்டத் துணிந்த கையும் ஒருவேளை நின்றிருக்கும்.

1973-க்கு முந்தைய படத்தின் புது வெளியீடு எதுவானாலும், வாங்கியதும் ஒரு நடனக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். பாதம் தெரியாவிட்டால், அதன் தெளிவு எவ்வளவாக இருந்தாலும், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.