மேடு தெரியும், ஊர் தெரியாது

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லாக் கிஷோர்ன் என்ற கடற்கழியின் அருகே ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. வண்டி ஓட்டப் பழகுகிறவர்களும் மிகப் பெரிய வாகனங்களும் காரவன் இழுத்து வருகிறவர்களும் இந்தப் பாதையில் போக வேண்டாம் என்கிறது அது. சைக்கிள்காரரைப் பற்றிப் பேச்சில்லை. அங்கே தொடங்கும் பியாலாக் நா பா கணவாய்ச் சாலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டரில் 626 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. செங்குத்தான இடங்களில் சரிவு 20 சதவீதம். 1970களில் கடலோரச் சாலை வரும்வரை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆப்பிள்கிராஸ் ஊருக்கு இது ஒன்றுதான் சாலை. அந்நாளில் பனி விழுந்து கணவாய் அடைபட்டால் படகை விட்டால் வேறு கதியில்லை. காரில் கடந்துபோகிறவருக்கு இது வெறும் செய்தி. இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டும் மூச்சு வாங்க ஏறுகிறவருக்கு, ஒரு மூட்டை மாவையோ ஒரு நோயாளியையோ இந்த வழியே கொண்டுபோவது எப்படி இருந்திருக்கும் என்பதைத் தொடைத் தசையே சொல்லிவிடும்.

ஹைலேண்ட்ஸ் எனப்படும் அந்த மலைநாட்டைச் சைக்கிளில் சுற்றுவதைப் புகழ்பவர்கள் ஏரியையும் மூடுபனியையும்தான் புகழ்கிறார்கள். அவை பேருந்து ஜன்னலிலும் தெரியும். சைக்கிள் மட்டுமே தருவது நிலத்தின் கட்டுமானத்தைப் பற்றிய அறிவு. பியாலாக் நா பா போன்றவற்றை விட்டால், மலைநாடு என்ற பேருக்கு அங்கே சாலைகள் அத்தனை கொடுமையானவை இல்லை. 1803இல் ஏற்பட்ட அரசு ஆணையத்துக்காகத் தாமஸ் டெல்ஃபோர்டு 1,400 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டார். குதிரை வண்டி இழுபடும் அளவுக்குக் கணக்குப் பார்த்து வகுத்த சரிவுகள் அவை. இன்று மூட்டை கட்டிய சைக்கிளுக்கும் தோதாக இருக்கின்றன. கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னெஸ் போகும் தேசியச் சைக்கிள் வழித்தடம் 7, டிரமாக்டர் கணவாயில் 460 மீட்டரைத்தான் தொடுகிறது. ஆளைச் சாய்ப்பது உயரம் இல்லை, காற்றும் மழையும். மேற்கே ஃபோர்ட் வில்லியத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. நூறு கிலோமீட்டர் வடகிழக்கே இன்வர்னெஸ்ஸில் அதில் பாதிகூடக் கிடையாது. கோடையில் காற்று நின்றால் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி மொய்க்கும். எதிர்காற்றைத் திட்டிக்கொண்டே மிதிக்கிறவர், கூடாரம் போடும் நேரத்தில் அதே காற்று வராதா என்று ஏங்குவார்.

இன்னொரு பலம் சட்டம். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் விடவும் கூடாரமடித்துத் தங்கவும் உரிமை தருகிறது. இங்கிலாந்தில் இவ்வளவு விரிந்த உரிமை கிடையாது. இதனால்தான் ஜெனரல் வேடு 1731இல் படைகளுக்காகப் போட்ட கோரியாரிக் கணவாய்ப் பாதையில், மோட்டார் வண்டிகள் தலைகாட்டாத 750 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சைக்கிளைக் கொஞ்சம் ஓட்டியும் கொஞ்சம் உருட்டியும் கடக்க முடிகிறது. விதிவிலக்கு உண்டு: லாக் லோமண்டு தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

இத்தனை வசதி இருந்தும் வருகிறவர்களில் பலர் மொய்ப்பது ஒரே வளையத்தில். 2015இல் அறிமுகமான நார்த் கோஸ்ட் 500, இன்வர்னெஸ்ஸில் தொடங்கி அங்கேயே முடியும் சுமார் 830 கிலோமீட்டர் சுற்று. வடக்குக்குச் சுற்றுலாப் பணம் வரவேண்டும் என்பதற்காக வகுத்தது. பணம் வந்தது, கூடவே வாடகைக் கேம்பர்வேன்களும் வந்தன. இந்தச் சாலைகளில் பல பகுதிகள் ஒற்றைத் தடம். ஆங்காங்கே வண்டி ஒதுங்கப் பக்கவாட்டில் கொஞ்சம் புடைப்பு, அதில் ஒரு வெள்ளைப் பலகை. ஏற்றத்தில் பின்னால் ஒரு கேம்பர்வேன் வந்தால் சைக்கிள்காரர் ஒதுங்கியாக வேண்டும். சரளையில் கால் ஊன்றி நிறுத்தி, அது போனபின் அதே மேட்டில் பூஜ்யத்திலிருந்து மறுபடி மிதிக்க வேண்டும். பத்து பெடல் போவதற்குள் அடுத்தது வரும். யாரும் மரியாதைக் குறைவாக நடக்காமலே அன்றைய பயணம் கெட்டுப்போகிறது. கேம்பர்வேன்களில் பலவும் இன்வர்னெஸ் சூப்பர்மார்க்கெட்டில் வாரச் சாமானை நிரப்பிக்கொண்டு கிளம்புகின்றன. சைக்கிள்காரரோ இரண்டு நாள் உணவுக்கு மேல் சுமக்க முடியாமல் ஊருக்கு ஊர் சின்னக் கடையில் வாங்கியே ஆக வேண்டியவர். அந்த ஊர்களுக்குப் பயன்படும் விருந்தாளி யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேற்கு ஹைலேண்ட் தடத்தில் 2021 முதல் 20 சைக்கிள் ஏற்றும் தனிப்பெட்டி சில ரயில்களில் ஓடுகிறது. வடக்குத் தடங்களில் ஒரு ரயிலில் சில சைக்கிள்களுக்கே இடம். தீவுகளுக்குப் போகும் கால்மாக் கப்பல்கள் சைக்கிளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இடம் ஒதுக்குவதில் ரயில்வே அந்த அளவுக்குப் பெருந்தன்மை காட்டுவதில்லை.

இதையெல்லாம் காசும் திட்டமும் இருந்தால் சரிசெய்துவிடலாம். எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. லெயர்க் ஊரிலிருந்து வடக்கே ஒரு ஒற்றைத் தடச் சாலை ஆல்ட்னஹாராவுக்குப் போகிறது. நடுவில் கிராஸ்க் என்ற தனி விடுதி, மற்றபடி புல்வெளியும் வானமும். பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து ஜான் ஓ குரோட்ஸ் வரை மிதிக்கிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஆல்ட்னஹாராவில் வலப்புறம் திரும்பி லாக் நேவர் ஏரியின் கரையோடு போனால் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. பயணத்தின் கடைசிக் கட்டம், சமதரை, ஆளில்லாத சாலை. நாட்குறிப்பில் “மனிதக் கை படாத இயற்கை” என்று எழுதத் தோன்றும் இடம்.

அது கை பட்டதால் காலியான இடம். 1814இலும் 1819இலும் சதர்லாந்து பண்ணையின் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கின் குடியானவர்களைச் செம்மறி ஆடுகளுக்காக வெளியேற்றினார்கள்; திரும்பி வந்து குடியேறாதபடி வீடுகளின் கூரைக்குத் தீ வைத்தார்கள். முதல் வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர்மீது 1816இல் வழக்கு நடந்தது, விடுதலையானார். ஏரிக்கரையில் கிரம்மோர், கிரம்பெக் என்ற ஊர்களின் அடிச்சுவர்கள் சாலையை ஒட்டியே கிடக்கின்றன. புல் மூடிய அந்தச் செவ்வக மேடுகளை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பாறை என்றே நினைப்பார். துரத்தப்பட்டவர்களில் பலர் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே அவர்களுக்காக அமைந்த ஊரான பெட்டிஹில், அவர்களைத் துரத்திய சீமாட்டி எலிசபெத்தின் பேரைத் தாங்கி நிற்கிறது.

பள்ளத்தாக்கு காலியானதில் சைக்கிள்காரருக்குப் பங்கில்லை. ஆனால் அந்த வெறுமையை ரசிப்பதும், அதைத் தேடிப் போகச் சொல்லி மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதும் இந்தப் பழக்கத்தின் மையத்தில் இருக்கின்றன. மேட்டையும் காற்றையும் இத்தனை நுணுக்கமாகக் கற்றுத்தரும் வண்டி, ஆளில்லாத இடத்தில் யார் இருந்தார்கள் என்பதைக் கற்றுத்தருவதில்லை. மிதிப்பவரின் கவனம் சரிவில், சங்கிலியின் சத்தத்தில், இரும்புக் குழாய்களைக் குறுக்கே பதித்த கால்நடைத் தடுப்பு மழையில் வழுக்குமே என்ற பயத்தில் இருக்கும். நாளுக்கு நூறு கிலோமீட்டர் என்று இலக்கு வைத்துவிட்டால் அடிச்சுவருக்கு நேரம் ஏது? மூன்று நாளில் வளையத்தை முடித்தேன் என்பவரின் கால்வலுவை மெச்சலாம். அவர் ஹைலேண்ட்ஸைப் பார்த்தார் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே போக நினைப்பவர்களுக்கு: வளையத்தை விடுங்கள், தூரத்தைப் பாதியாக வெட்டுங்கள். லெயர்க்வரை ரயிலில் போய் இறங்கலாம்; சைக்கிளுக்கான இடத்தை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளுங்கள். ஸ்ட்ராத்நேவருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அங்கே சயர் என்ற சிற்றூர் அருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் நடந்தால் ரோசல் என்ற ஊரின் இடிபாடுகளைப் பார்க்கலாம். வெளியேற்றத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் பெட்டிஹில்லில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.